சிங்கப்பூரில் மூக்குக் கண்ணாடி, நீச்சல் கண்ணாடி இரண்டிலும் ஆவி படியாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

ரயிலை விட்டு இறங்கினாலும் ஆவி, குளத்தில் இறங்கினாலும் ஆவி, துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். முதலில் அந்தத் துடைப்பதை நிறுத்துங்கள். பாதித் தொல்லை அதில்தான் இருக்கிறது.

என் பவர் மைனஸ் ஐந்தரை. எட்டு வயதிலிருந்து கண்ணாடி. இந்த ஊரில் அது பெரிய விஷயமில்லை, இளவயதினரில் ஐந்தில் நான்கு பேருக்குக் கிட்டப்பார்வை. வேலை ராஃபிள்ஸ் பிளேஸில், வீடு ஈசூனில். ஈசூன் நிலையம் மேம்பாலத்தில் இருப்பது, பிளாட்பாரத்தில் ஏர்கான் கிடையாது. அரைமணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த பெட்டியில் உட்கார்ந்துவிட்டு, கதவு திறந்து வெளியே ஓர் அடி வைத்தால் கண்ணுக்கு முன்னால் பாலை ஊற்றிய மாதிரி ஆகிவிடும். ஒருநாள் மகளோடு வந்தபோது அப்படித்தான். அவள் என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற வேறொரு பள்ளிப் பிள்ளையின் புத்தகப் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாலடி நடந்துவிட்டேன். "ஆன்ட்டி?" என்றது அந்தப் பிள்ளை. பின்னாலிருந்து "அம்மா, நான் இங்கே இருக்கேன்" என்று இவள். சட்டை முனையால் அவசரமாகத் துடைத்தேன். மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் மறுபடியும் பால்.

ஏன் உடனே திரும்பி வருகிறது? கனடாவில், டொராண்டோவில் இருக்கும் என் அக்காவுக்குக் குளிர்காலத்தில் வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது கண்ணாடி மங்கும். நமக்குத் தலைகீழ், உள்ளிருந்து வெளியே வரும்போது. இரண்டிலும் காரணம் ஒன்றுதான்: குளிர்ந்த கண்ணாடி ஈரமான காற்றைச் சந்திக்கிறது. ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு வெப்ப அளவு உண்டு. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள் மீதும் அதிலுள்ள ஈரம் நீராகப் படிந்துவிடும். பனிநிலை என்பார்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் 24, 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். காலையில் 27 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு என்றாலும் சரி, மதியம் 31 டிகிரி, 70 விழுக்காடு என்றாலும் சரி, கணக்குப் போட்டால் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து நிற்கும். உங்கள் அலுவலகத்தில் ஏர்கானை 22-இல் வைத்திருந்தால் கண்ணாடி நிச்சயம் அந்த அளவுக்குக் கீழே போயிருக்கும். காலையில் மாடிப் பேருந்தின் சன்னலில் வெளிப்பக்கம் நீர் வழிவதைப் பார்த்திருப்பீர்களே, உள்ளே இருந்து விரலால் தேய்த்தாலும் போகாதே, அதே கதைதான்.

ஆகவே துடைக்கும்போது நீங்கள் நீரை மட்டும் எடுக்கிறீர்கள், குளிரை எடுக்கவில்லை. கண்ணாடி குளிராக இருக்கும்வரை காற்று மறுபடி மறுபடி நீரைக் கொண்டுவந்து வைக்கும். போதாததற்குச் சட்டையில் இருக்கும் எண்ணெயும் தூசியும் லென்ஸில் ஏறும். அந்த அழுக்கில் நீர் இன்னும் ஜோராகத் துளித்துளியாக நிற்கும்.

நான் செய்வது இதுதான். இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்னால், காத்திப்பில், கண்ணாடியைக் கழற்றித் துணிப்பையில் போட்டு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்தி வைத்துக்கொள்வேன். கோழி அடைகாப்பது போல என்று மகள் கேலி செய்வாள். ஈசூனில் இறங்கிப் போட்டால் மங்குவதில்லை, அல்லது ஓரத்தில் லேசாக வந்து உடனே போய்விடும். மறந்துவிட்டால் தூணோரம் ஒதுங்கி ஒரு நிமிடம் நிற்பேன், தானே தெளியும். வீட்டில் இன்னும் சுலபம்: ஏர்கானை 25-க்குக் குறைக்காதீர்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லும் அதே 25 தான், கண்ணாடிக்கும் தோதாக இருக்கிறது.

அடுத்தது சோப்பு. தினமும் காலையில் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பை ஒரு சொட்டு எடுத்து, குழாய்த் தண்ணீரில் லென்ஸின் இரு பக்கமும் தடவிக் கழுவி, உதறி, ஒரு டிஷ்யூவால் ஒற்றி எடுப்பேன். கையை மென்மையாக்கும் என்று போட்டிருக்கும் க்ரீம் வகைச் சோப்பு வேண்டாம், மெழுகு பூசிய மாதிரி ஆகிவிடும். ஆவி என்பது வெறும் பொடித் துளிகள்தான். ஒளியை அவை சிதறடிப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சோப்பின் மெல்லிய படலம் இருந்தால் நீர் துளியாக நிற்காமல் பரவிப் படுத்துவிடும். நீர் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. 2020 ஏப்ரலில் முகக்கவசம் கட்டாயமானபோது எல்லோரும் பகிர்ந்த சோப்பு யோசனையும் இதுதான். அறுவை மருத்துவர்களுக்கான ஓர் இங்கிலாந்து இதழ் 2011-லேயே அதைச் சொல்லியிருந்தது. (முகக்கவச ஆவி மட்டும் மூச்சால் வருவது. மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி, கவசத்தின் மேல் கண்ணாடியை உட்காரவைத்தால் பாதி போய்விடும்.)

துடைக்கவே முடியாத இடத்தில் மாட்டிக்கொண்ட ஒருவர் கதையும் உண்டு. 1966 ஜூனில் ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து அமெரிக்க விண்வெளி வீரர் யூஜீன் செர்னன் விண்ணில் நடக்க வெளியே வந்தார். கடும் உழைப்பில் வியர்த்து, தலைக்கவசத்தின் முகப்பு உள்ளே முழுக்க மங்கிவிட்டது. கையை உள்ளே விட வழியில்லை. மூக்கு நுனியால் தேய்த்து ஒரு சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்த்துத்தான் திரும்பினார். அதற்குப் பிறகு நாசா முகப்பின் உட்புறத்தில் ஆவி படியாதிருக்க ஒரு கலவையைப் பூச ஆரம்பித்தது. அதிலும் சோப்பு வகைதான் முக்கியச் சரக்கு.

இப்போது நீச்சல் கண்ணாடி. இதில் இடம் மாறுகிறது. வெளியே குளத்து நீர் லென்ஸைக் குளிர்விக்கிறது, உள்ளே உங்கள் முகத்துச் சூடும் ஈரமும் அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் உள்பக்கம் மங்கும். புதிதாக வாங்கியதில் உள்பக்கம் நீரை ஈர்த்துப் பரப்பும் ஒரு பூச்சு இருக்கும். அதுதான் உங்கள் சொத்து. நான் அதை மூன்றே வாரத்தில் அழித்தேன், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கட்டைவிரலால் உள்ளே தேய்த்துத் தேய்த்து.

ஈசூன் நீச்சல் குளத்தில் தினமும் வரும் ஒரு சீன அங்கிள், எழுபதைத் தாண்டியவர், இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்து "டோன்ட் டச் லா, டோன்ட் டச்" என்றார். தன் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு குழியிலும் நிதானமாக ஒவ்வொரு துளி எச்சிலை விட்டார். விரல் படாமல், இட்லித் தட்டில் எண்ணெயைப் பரப்புவது போலச் சாய்த்துச் சாய்த்து ஓடவிட்டார். தண்ணீர் போத்தலிலிருந்து கொஞ்சம் ஊற்றி ஒரே அலசு. முகத்தையும் நீரில் நனைத்துக்கொண்டு மாட்டினார். மகள் "ஐயோ, சீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முக்குளிப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான், சோப்பு செய்யும் வேலையைத்தான் எச்சிலும் செய்கிறது. முகத்தை நனைப்பதும் சும்மா இல்லை, தோல் குளிர்ந்தால் உள்ளே ஆவி குறையும்.

எச்சில் அருவருப்பாக இருந்தால் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு. தடவி, லேசாக அலசி மாட்டலாம். நான் புத்திசாலித்தனமாகப் பாத்திரச் சோப்பையே இதிலும் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் மிளகாய்த் தூள் விழுந்த கண் மாதிரி ஆகி, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூக்குக் கண்ணாடிக்கு நல்லது நீச்சல் கண்ணாடிக்கு நல்லதில்லை, அங்கே கண்ணும் சோப்பும் ஒரே அறையில் இருக்கின்றன.

நடுவில் மங்கினால் விரலை விடாதீர்கள். நாலைந்து சொட்டு நீரை உள்ளே விட்டு, தலையை ஆட்டி உருட்டிவிட்டு வெளியேற்றுங்கள். ஓய்வெடுக்கும்போது நெற்றிமேல் தூக்கி வைக்காதீர்கள், நெற்றிச் சூடு அப்படியே உள்ளே ஏறும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

பூப்பந்து ஆடும்போது போடும் விளையாட்டுக் கண்ணாடி பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பக்கவாட்டில் காற்றுத் துளை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், வியர்வைப் பட்டை கட்டுங்கள். ஓடும்போது தெளிவாக இருந்து, சர்வீஸ் போட நிற்கும்போது மங்கினால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

ஆவி படியாத லென்ஸ் வாங்கலாமா? ஒரு கடையில் கூடுதலாக 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டு மாட்டிவிட்டார்கள். அந்தப் பூச்சைச் சுடுதண்ணீரில் கழுவக்கூடாது, தனித் துணியால்தான் பராமரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சில மாதம் அருமையாக இருந்தது, அப்புறம் சாதாரணக் கண்ணாடி. பற்பசையைத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். பற்பசை நுண்ணிய உப்புத்தாள் மாதிரி, பிளாஸ்டிக் லென்ஸில் கீறல்தான் மிஞ்சும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எந்த வைத்தியமும் இல்லை. தேக்கா உணவங்காடியில் ஆட்டுக்கால் சூப் கிண்ணத்தை முன்னால் வைத்ததும் வரும் ஆவி, சோப்புக்கும் மசியாது, அடைகாப்புக்கும் மசியாது. நான் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் குடிக்கிறேன். குடித்து முடித்ததும் மைனஸ் ஐந்தரையை வைத்துக்கொண்டு அது எங்கே என்று தேடுவதை மகள் பார்த்துக்கொள்கிறாள்.