ஹாக்கி மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துங்கள், ஊதல் மட்டும் வேண்டாம்

கேள்வி: விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கோவில்பட்டிக்கு ஹாக்கி பார்க்க அழைத்துச் செல்கிறேன். இதுவரை கிரிக்கெட்தான் நேரில் பார்த்திருக்கிறோம். ஹாக்கிக்குப் பார்வையாளர் ஒழுங்கு என்று ஏதாவது உண்டா? கத்தலாமா? விசில் அடிக்கலாமா? மேளம் கொண்டுபோகலாமா?

விசில் என்ற சொல் கண்ணில் பட்டிராவிட்டால் இதற்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மூத்த பிள்ளைக்குக் கிரிக்கெட் பைத்தியம், இளையது பாதி ஆட்டத்தில் ஐஸ் கேட்டு அழும் வயது. சரிதானே? கவலைப்படாதீர்கள், ஹாக்கி அதற்குத் தோதான ஆட்டம். பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு பகுதிகள். இடைவேளைகளைச் சேர்த்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சர்வதேச நடுவர் ஒன்றும் இல்லை. மாவட்ட அளவிலும் ஊர்ப் போட்டிகளிலும் நின்று ஊதியவன், அவ்வளவுதான். "நீ யார் எங்களுக்கு ஒழுங்கு சொல்ல?" என்று நம் ஊர்க்காரர்கள் சிலர் கிளம்புவார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: நானும் இலுப்பையூரணிப் பக்கம் மண் தரையில் முழங்காலைத் தேய்த்து வளர்ந்தவன்தான்.

கோவில்பட்டிக் கூட்டத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் ஏதோ ஒரு வயதில் மட்டை பிடித்தவர்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து நேராக மைதானத்துக்கு வரும் ஆளிடம், பந்தை மட்டையோடு இழுத்துக் கோலை நோக்கி வீசும் டிராக் ஃபிளிக் பற்றிக் கேட்டுப் பாருங்கள், கால் எங்கே ஊன்ற வேண்டும் என்பது வரை சொல்லுவார். 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பையன். அதே தொடரில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்ட கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், ஆனால் பயிற்சி பெற்றது இங்கேதான். ஆகவே பெருமைக்குக் குறைவில்லை. சிக்கலும் அந்தப் பெருமையில்தான் இருக்கிறது. ஆட்டம் தெரிந்தவன் சும்மா இருக்க மாட்டான், உட்கார்ந்த இடத்திலிருந்தே நடுவர் வேலை பார்ப்பான்.

பந்து யார் காலிலாவது பட்டால் போதும், கேலரி முழுக்க "ஃபுட்! ஃபுட்!" என்று எழுந்து நிற்கும். கத்துங்கள், தப்பில்லை. ஆனால் நடுவர் ஊதவில்லை என்றால் அவர் கண் குருடு என்று அர்த்தம் இல்லை. காலில் பட்டதால் யாருக்கும் லாபம் இல்லையென்றால் ஆட்டத்தை ஓடவிட வேண்டும். பட்ட பிறகும் எதிரணியிடமே பந்து இருந்து அவர்களுக்கு வழி திறந்திருந்தால், அப்போது ஊதுவது அவர்களுக்கே செய்கிற துரோகம். இதை உங்கள் மூத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குச் சொல்லிக்கொடுக்க முயலாதீர்கள், நடக்காது. சர்வதேச ஆட்டம் என்றால் வீடியோ பார்த்து முடிவு கேட்க வழி உண்டு. ஊர்ப் போட்டியில் ஆளுக்குப் பாதி மைதானம் என்று இரண்டு நடுவர்கள், நான்கு கண்கள். அவ்வளவுதான் வசதி.

இனி விசிலுக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துக் கோடைப் போட்டி. செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு, வெயில் தாழ்ந்த நேரம். அரையிறுதி, ஆளுக்கு ஒரு கோல், முடிய இன்னும் சில நிமிடங்கள். என் பாதியில்தான் ஆட்டம். வலது ஓரத்திலிருந்து ஒரு பையன் இரண்டு பேரைக் கடந்து, கோலுக்கு முன்னால் அரைவட்டமாகக் கோடு போட்டிருக்கும் டிக்குள் நுழைந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்திலிருந்து "பீ...ப்" என்று ஒரு சத்தம். விரலை வாயில் வைத்து அடிக்கும் சீழ்க்கை இல்லை. அது எந்தக் காதுக்கும் வேறாகத் தெரியும். இது உள்ளே குண்டு உருளும் ஊதல், அச்சு அசல் என் கையில் இருப்பதைப் போலவே.

தடுப்பாட்டக்காரன் மட்டையைத் தளர்த்தி நிமிர்ந்துவிட்டான். கோல்கீப்பர் கையைக் கீழே போட்டுவிட்டான். பந்து வைத்திருந்தவனே ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்த இன்னொருவன் மட்டும் நிற்காமல் பந்தைக் கோலை நோக்கித் தட்டினான். அது கோட்டைத் தாண்டுவதற்குள் நான் ஊதி நேரத்தை நிறுத்தினேன். பாதிப் பேர் நின்றுவிட்ட பிறகு விழுவது கோல் இல்லை. விதி தெளிவு: யார் தவறும் இல்லாமல் ஆட்டம் நின்றால் புல்லி வைத்துத் தொடங்க வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, பந்துக்கு மேலே மட்டையோடு மட்டை ஒரு முறை தட்டி, பிறகு பந்துக்குப் பாய்வார்களே, அதுதான் புல்லி. அதையும் டிக்குள் வைக்க முடியாது, வெளியே தள்ளித்தான் வைக்க வேண்டும்.

அப்புறம் கேட்க வேண்டுமா? "கோலை விழுங்கிவிட்டான்" என்று ஒரு அணி. "அதற்கு முன்னாலேயே எங்களுக்கு ஃபவுல்" என்று மறு அணி. கயிற்றைத் தாண்டி முப்பது பேர் உள்ளே. அந்த ஊதல் எங்கே என்று தேடிப் பார்த்தால், கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் தாய்மாமன் மடியில் ஒரு வாண்டு. செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் வாங்கிய பச்சை நிற பிளாஸ்டிக் ஊதல், கழுத்தில் சிவப்புக் கயிறு. என் முகத்தைப் பார்த்ததும் அதை வாய்க்குள்ளேயே மறைக்கப் பார்த்தான்.

"சின்னப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி?" என்றார் மாமன்.

"அவனுக்குத் தெரியாது. வாங்கிக்கொடுத்த உங்களுக்குத் தெரியும் அல்லவா?" என்றேன்.

"உங்கள் ஊதலும் அவன் ஊதலும் ஒரே சத்தம் போட்டால் அது பிள்ளை குற்றமா? நீங்கள் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்."

கூட்டம் சிரித்துவிட்டது. சண்டை அதோடு தணிந்தது என்பதால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குப் "புல்லி அண்ணாச்சி" என்று பெயர். டீக்கடையில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். அதே சூழல் நாளை வந்தாலும் புல்லிதான் கொடுப்பேன். விதிப்புத்தகம் வாசித்தவர்கள் யாராவது மறுப்பதானால் விதியைக் காட்டி மறுக்கட்டும்.

ஆகவே, உங்கள் சின்னப் பிள்ளையின் சட்டைப்பையைக் கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கோல்கீப்பர். கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டு கீப்பரை நோண்டுவதை நம் பக்கத்தில் சிலர் கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பெண்கள் ஆட்டம் ஒன்றில் இரண்டு கோல் வாங்கிவிட்ட ஒரு பிள்ளையை, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் "வீட்டில் வாசலைத் திறந்து போட்டுவிட்டு வந்த நினைப்பா தாயி?" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஹெல்மெட்டுக்குள் அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. இரண்டு கையிலும் தலையணை மாதிரிக் கையுறை, கண்ணைத் துடைக்கக்கூட முடியாது. நேரத்தை நிறுத்தி, போட்டி நடத்துபவர்களைக் கூப்பிட்டு, அந்த மனிதரை எதிர்ப்பக்கம் அனுப்பிய பிறகுதான் ஆட்டத்தைத் தொடர்ந்தேன். ஆட்டக்காரரை எச்சரிக்கக் காட்டும் பச்சை அட்டையை நடுவரால் பார்வையாளருக்குக் காட்ட முடியாதே என்ற வருத்தம் எனக்கு அன்றைக்கு இருந்த அளவுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. 1982 தில்லி ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றபோது, கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகியைத் தேசத்துரோகி என்றே பேசினார்கள். தோற்றது பதினொரு பேர், பழி ஒருவர் தலையில். அது தில்லி, இது நம் ஊர் என்று தட்டிக்கழிக்க முடியாது. புத்தி ஒன்றுதான்.

கோலுக்குப் பின்னால் உட்காராதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஹாக்கிப் பந்தும் கிரிக்கெட் பந்தின் எடைதான், ஏறக்குறைய 160 கிராம், கெட்டிப் பிளாஸ்டிக். டிக்குள் தடுக்கும் அணி தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் ஷார்ட் கார்னரில் அது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும் வரும். வலை எல்லாவற்றையும் பிடிக்காது. பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கு நேராக இடம் பிடியுங்கள். பந்து உங்களிடம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நினைவுப் பரிசாக வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் இங்கே கிடையாது.

செயற்கைப் புல்தரைக்கு ஆட்டத்துக்கு முன் தண்ணீர் அடிப்பார்கள். "குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீரா?" என்று உங்கள் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். கேள்வி நியாயமானது. ஆனால் காய்ந்த தரையில் பந்து ஒழுங்காக ஓடாது, விழுந்த பிள்ளைக்குத் தோல் உரிந்துவிடும். அந்தத் தரையில் செருப்புக் காலோடு இறங்கிப் படம் எடுக்க வேண்டாம்.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் வருவதானால் ஏறும் முன்பே "கோவில்பட்டிக்குள் போகுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதுரை பஸ் பல, நான்கு வழிச்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். கோவில்பட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே படியில் கை வைத்து மறிக்கும் நடத்துநர்களை நான் பார்த்திருக்கிறேன். இரவு ஆட்டம் முடிந்து வெளியூர் அணிப் பிள்ளைகள் மட்டைப் பையோடு சாலையோரத்தில் நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியும். அகில இந்தியப் போட்டி நடக்கிற ஊர் இது. இந்திய அணிக்கே ஆள் அனுப்புகிற ஊருக்குள் வர பஸ்ஸுக்கு என்ன கேடு? கேட்டால் நேரம் ஆகிறதாம். இதற்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். பிள்ளைகளோடு பைபாஸில் இறங்கி நின்றால் சம்பந்தம் தெரியும்.

மேளம் கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொண்டுவாருங்கள். அதைக் கேட்டு எவனும் மட்டையைக் கீழே போடமாட்டான். ஆனால் அடிப்பவரைக் கேலரியின் ஓரத்தில் உட்கார வையுங்கள். நடுவில் கருப்பட்டிக் கடலைமிட்டாயை மென்றபடி கண்ணை இமைக்காமல் ஆட்டம் பார்க்கும் பெரியவர்கள் வரிசை ஒன்று இருக்கும். அவர்கள் காதருகே அடித்தால் மேளம் உங்களிடம் முழுதாகத் திரும்பி வருவதற்கு நான் பொறுப்பில்லை.