காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு

கேள்வி: எனக்கு வயது 23. கிட்டப்பார்வைக்காக மைனஸ் 5 பவரில் கண்ணாடி அணிகிறேன். லேசிக் சிகிச்சைக்கான (லேசரால் கருவிழியைச் செதுக்கிப் பார்வையைத் திருத்தும் முறை) முன்பரிசோதனையில், தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் என் கருவிழியின் (கண்ணின் முன்புறமுள்ள தெளிவான படலம், கார்னியா) மையத் தடிமன் 546 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றார்கள். அடுத்த வாரம் மாலையில் அதே கருவியில் 534 என்று வந்தது. என் கருவிழி மெலிந்துகொண்டு போகிறதா?

பதில்: இந்த இரண்டு அளவுகளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 12 மைக்ரான் என்பது மொத்தத் தடிமனில் ஏறத்தாழ 2 சதவீதம். நலமான கண்ணிலும் ஒரே நாளுக்குள் இவ்வளவு மாற்றம் நிகழும்.

கருவிழியில் இரத்த நாளங்கள் இல்லை. விழித்திருக்கும்போது அது ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுகிறது. உறக்கத்தில் இமையின் உட்புறத்திலுள்ள நுண்நாளங்களை நம்பியிருக்க வேண்டியிருப்பதால் வரத்து வெகுவாகக் குறைகிறது. அப்போது திசுவில் சேரும் லாக்டிக் அமிலம் நீரை உள்ளிழுக்க, மூடிய இமைக்குள் கண்ணீர் ஆவியாவதும் நின்றுவிட, விடிவதற்குள் கருவிழி சுமார் 3 முதல் 4 சதவீதம் வரை வீங்குகிறது. கண் திறந்தபின், அதன் உட்பரப்பிலுள்ள எண்டோதீலியம் செல்கள் நீரை இடைவிடாமல் வெளியேற்றுவதால், வீக்கத்தின் பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆகவே உங்கள் முதல் அளவு வீக்கம் முழுதும் வடியாத நேரத்தில் எடுக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். பவர் கூடினால் கருவிழி மெலியும் என்ற அச்சமும் வேண்டாம்; கிட்டப்பார்வைக்குப் பெரும்பாலும் காரணம் விழிக்கோளம் நீண்டிருப்பதுதான்.

ஆனால் சிகிச்சையைத் திட்டமிடும்போது இந்தச் சிறு வேறுபாட்டையும் பொருட்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. லேசிக் முறையில் ஒவ்வொரு டயாப்டருக்கும் (கண்ணாடிப் பவரின் ஓர் அலகு) ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் திசு நீக்கப்படுகிறது. லேசர் செலுத்துவதற்காக மேலே வெட்டித் திறக்கும் மெல்லிய மடிப்பு போக, அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது எஞ்ச வேண்டும், 300 இருந்தால் நல்லது என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அந்தக் கணக்குக்கு, எழுந்து சில மணி நேரம் கழித்து எடுத்த அளவையே கொள்ள வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவரா என்று நீங்கள் எழுதவில்லை. அணிபவரென்றால், பரிசோதனைக்கு முன் எத்தனை நாள் கழற்றி வைக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். லென்ஸும் கருவிழியை வீங்கச் செய்யும், வடிவத்தையும் மாற்றும்.

ஒரே நேரத்தில், ஒரே கருவியில், லென்ஸ் இல்லாமல் எடுத்த அளவுகள் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே வந்தாலோ, சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீரற்றிருப்பதைச் சரிசெய்யும் பவர்) ஏறிக்கொண்டே போனாலோ, கருவிழி கூம்பாகும் நோய் உள்ளதா என்று அறியக் கருவிழியின் வடிவ வரைபடம் எடுத்தே ஆக வேண்டும்; அது தெளிவாகும்வரை லேசர் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.