பழைய கோஸ்டர் எஞ்சின்: ஸ்பேனரைத் தொடும் முன்

கரையோரமாக ஓடும் சிறிய மோட்டார் சரக்குக் கப்பலைத்தான் கோஸ்டர் என்கிறோம். ஐம்பது, அறுபதுகளில் ஐரோப்பாவில் கட்டியவற்றில் டாய்ட்ஸ், மாக் போன்ற மெதுவாகச் சுற்றும் டீசல் எஞ்சின்கள் இருக்கும். அவற்றை ரிப்பேருக்கு முன் சர்வே செய்வது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

தூத்துக்குடி தோணி உரிமையாளர்: சார், அறுபதுகளில் கட்டிய கோஸ்டர் ஒன்று விலைக்கு வருகிறது. ஆறு சிலிண்டர், கியர்பாக்ஸ் இல்லை, எஞ்சினே திசை மாறிச் சுற்றும். "கண்டிஷனில் இருக்கு" என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

அண்ணாச்சி, நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனாவது முயற்சியில் பற்றுகிறது என்பதைப் பார்க்கத்தான் நீங்கள் போகிறீர்கள். இந்த வகை எஞ்சின் அழுத்தக் காற்றில்தான் ஸ்டார்ட் ஆகும். கம்ப்ரஸரை ஓட்டாமல், நிரம்பிய காற்று பாட்டில்களை வைத்தே தொடர்ந்து 12 முறை ஸ்டார்ட் செய்ய முடிய வேண்டும் என்பது விதி. எண்ணிப் பாருங்கள்.

ஓடும்போது ஒவ்வொரு ஹெட்டுக்கும் (சிலிண்டர் மூடி) போகும் ஸ்டார்ட்டிங் காற்றுக் குழாயைக் கையால் தொடுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த வால்வு கசிகிறது. எரியும் வாயு குழாய்க்குள் திரும்பி வந்து, அங்கே படிந்திருக்கும் எண்ணெயைப் பற்றவைத்தால் குழாயே வெடிக்கும். அப்புறம், ஜெட்டியில் கட்டிப்போட்டு ஓட்டிக் காட்டுவதை நம்ப வேண்டாம். கடலுக்குக் கொண்டுபோய், லோடில் ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டரின் புகைச் சூட்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மரைன் எஞ்சினியரிங் மாணவர்: கிராங்க் ஷாஃப்ட் டிஃப்ளெக்‌ஷன் எடுக்கச் சொல்கிறார்கள். அது எதைக் காட்டுகிறது?

பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் அந்தத் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை, தம்பி. ஒரு பேரிங் தேய்ந்து கீழே இறங்கினால் ஷாஃப்ட் அங்கே வளையும். சுற்றும்போது பக்கத்து கிராங்க் வெப்கள் (கிராங்கின் இரு பக்கக் கைகள்) இரண்டும் திறந்து மூடும். அந்த நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கை வெப்களுக்கு நடுவே வைத்த டயல் கேஜ் சொல்லும். நேர் கீழே, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மறிப்பதால், அதற்கு இரு பக்கமும் ஒவ்வொன்று எடுத்து, ஒரு சுற்றுக்கு ஐந்து அளவு.

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். கப்பல் மிதக்க வேண்டும். டாக்கில் ஏற்றிவிட்டால் அடிப்பகுதி வேறு மாதிரி வளையும், அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. எடுத்த நேரத்தில் முன்னும் பின்னும் எவ்வளவு டிராஃப்ட் (நீரில் மூழ்கிய ஆழம்), எந்த டேங்கில் எவ்வளவு தண்ணீர் என்றும் குறித்துவையுங்கள். ஒருமுறை கடைசி சிலிண்டரில் எண் ஏறிப் போய், முதலாளி புது பேரிங்குக்கே ஆர்டர் போடக் கிளம்பிவிட்டார். பின் டேங்கைக் காலி செய்து மறுபடி எடுத்தோம், பாதியாக இறங்கியது. மீதிப் பாதிக்குக் காரணம் தளர்ந்துபோன ஃபவுண்டேஷன் போல்ட். எஞ்சினுக்கு அடியில் வைக்கும் சாக் கட்டையின் ஓரத்தில் எண்ணெயோடு கலந்த துருப்பொடி செங்காவியாக வழிந்து கிடந்ததை அதுவரை யாரும் பார்க்கவில்லை.

இன்னொரு ஏமாற்று உண்டு. கனமான ஷாஃப்ட் தேய்ந்த பேரிங்கின் மேல் உட்காராமல் பாலம் போல அந்தரத்தில் நிற்கும். டிஃப்ளெக்‌ஷன் அழகாக வரும், பேரிங் நாசமாகியிருக்கும். ஜர்னலுக்கு (ஷாஃப்ட் பேரிங்கில் உட்காரும் பகுதி) அடியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்க்காமல் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிரைவர் ஒருவர்: சம்ப் (எஞ்சின் அடித்தொட்டி) எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டா?

எதையும் கழற்றாதீர்கள். கலந்த தண்ணீரைப் பிரித்தெடுத்து இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்கள். வெள்ளையாகத் திரண்டால் உப்புத் தண்ணீர். உங்கள் எஞ்சினில் கடல்நீரே நேராக ஜாக்கெட்டுக்குள் (சிலிண்டரைச் சுற்றிய குளிர்நீர் அறை) போகிறது என்றால் லைனரின் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்) அடி ரப்பர் ரிங், அல்லது ஆயில் கூலர் டியூப். எஞ்சினை நிறுத்தி, கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் கூடான கிராங்க் கேஸின் கதவுகளைத் திறந்து, கூலிங் பம்பை மட்டும் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எந்த லைனரின் கீழே சொட்டுகிறதோ அதுதான்.

ஆனால் சூடான எஞ்சினில் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம் போகட்டும். உள்ளே எண்ணெய் ஆவி நிற்கும்போது காற்று புகுந்தால் வெடிக்கும். 1947-ல் 'ரெய்னா டெல் பசிபிகோ' கப்பலின் சோதனை ஓட்டத்தில் கிராங்க் கேஸ் வெடித்து 28 பேர் இறந்தார்கள். அது பிஸ்டன் சூடேறியதில் தொடங்கியது.

அடுத்த கேள்வி: லைனர் கொஞ்சம்தான் தேய்ந்திருக்கிறது. ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

மேல் ரிங் திரும்பும் இடத்தில் விரலை ஓட்டுங்கள், படி மாதிரி தட்டும். அதைத் தேய்த்து எடுக்காமல் புது ரிங் போட்டால், அந்தப் படியில் மோதி உடையும்.

பிக் எண்டு (கனெக்டிங் ராடின் அடிமுனை) போல்ட் பார்க்கப் புதுசு போலவே இருக்கிறதே?

உடையும் நாள் வரை அப்படித்தான் இருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில், புகை தள்ளி முடிந்து பிஸ்டன் மேலே திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் போல்ட் இழுபடுகிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று ரெக்கார்டு இல்லையா? எல்லாவற்றையும் மாற்றுங்கள். மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம்.

ஜாக்கெட்டில் வெடிப்பு. வெல்டிங் வைக்கலாமா?

வார்ப்பிரும்பு. வெல்டிங் சூட்டில் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விடும். சூடு இல்லாமல், வெடிப்பின் குறுக்கே உலோகச் சாவிகளை அடித்துத் தைக்கும் முறை உண்டு, வெளிச்சுவருக்கு அது நன்றாகவே நிற்கும். எரியும் பக்கம் என்றால் புது ஹெட்தான்.

மறுபடி தோணி உரிமையாளர்: இவ்வளவு தொல்லைக்கு, புது எஞ்சினே வைத்துவிட்டால் என்ன?

பழையது நிமிடத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் சுற்றும். புரொப்பெல்லர் அந்த வேகத்துக்கு வார்த்தது. வேகமாகச் சுற்றும் எஞ்சின் வைத்தால் கியர்பாக்ஸ் வேண்டும், ஃபவுண்டேஷனை வெட்டி மாற்ற வேண்டும், புரொப்பெல்லரும் மாறலாம். கிராங்க் ஷாஃப்ட் நன்றாக இருந்தால் நான் பழையதையே சரி செய்வேன். அதுவே போய்விட்டது என்றால் பேச்சு வேறு. டிஃப்ளெக்‌ஷன் தாளையும் ஜர்னல் அளவுகளையும் அனுப்புங்கள் அண்ணாச்சி, எண்ணைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.