மாமியாருக்குத் துணையாக ஒரு சின்ன நாய்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதல் மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் 68 வயது மாமியார் மட்டும்தான். ஒன்பது வயது மகள் ஷிட்சு இன நாய் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். புதுச்சேரியில் ஒருவர் ‘டீகப் பொமரேனியன்’ குட்டி இருக்கிறது என்கிறார். எதை வாங்கலாம், எப்படிப் பார்த்துக்கொள்வது? ‘தயிர்சாதம் போட்டால் போதும்தானே’ என்று மாமியார் கேட்கச் சொன்னார்.

பதில்: முதலில் அந்த ‘டீகப்’பை மறந்துவிடுங்கள். அப்படி ஓர் இனமே கிடையாது, விற்பவர்கள் வைத்த பெயர் அது. ‘60 நாள் குட்டி’ என்று நம்பி வாங்கியதை ஒருவர் கட்டைப்பையில் துண்டு சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். வாயைத் திறந்து பார்த்தேன். முன்பற்கள் நொய்யரிசி மாதிரி எட்டிப்பார்த்தன. பின்பக்கம் ஈறு வழவழவென்று காலியாக இருந்தது. மிஞ்சிப்போனால் ஒரு மாதம். தாய்ப்பால் மறக்காததைப் பிடுங்கி விற்றால் சின்னதாகத்தானே இருக்கும்! எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது, வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பதிவுச் சான்றைக் கேளுங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். ‘தாய் வேறு ஊரில் இருக்கிறது’ என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுங்கள்.

அடுத்து எந்த இனம் என்பது. இதில் மகளின் ஆசையைவிட கடலூரின் புழுக்கம்தான் முக்கியம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்து, அந்த ஈரம் ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது அது சரியாக நடக்காது. மூக்கு சப்பையான நாய்க்கோ மூச்சு விடுவதே பாடு. 2003 ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் வந்ததற்கு அப்புறம் வீட்டுக்கு வீடு பக் நாய் வந்தது. அக்னி நட்சத்திரத்தில் அவை படும் அவஸ்தையைப் பார்ப்பவன் என்ற முறையில் பக் வேண்டாம் என்றே சொல்வேன். ஷிட்சுவும் சப்பை மூக்குதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. பார்க்கப் போகும்போது மூக்குத் துவாரத்தைக் கவனியுங்கள். துவாரம் நன்றாக விரிந்திருந்தால் சரி. நகக்கீறல் மாதிரி ஒட்டியிருந்தாலோ, இரண்டு நிமிடம் ஓடியதும் குறட்டை போலச் சத்தம் வந்தாலோ, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். வெயிலை ஓரளவு தாங்கும், புத்திசாலி, ஆனால் பால்காரர் கேட்டைத் தொட்டாலே கத்தும். கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் இருந்தால் அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மினியேச்சர் பின்ஷர் என்று இன்னொரு சின்ன இனம் உண்டு, அது ஒரு நிமிடம் உட்காராது, உங்கள் மாமியாரால் அதன் பின்னால் ஓட முடியாது.

என்னைக் கேட்டால் குட்டியே வேண்டாம். குட்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போகும், நாளுக்கு நான்கு வேளை தின்னும். அதையெல்லாம் குனிந்து துடைக்கப்போவது பகலில் வீட்டில் இருப்பவர்தான். வேலை மாற்றலாகிப் போகிறவர்களும் வெளிநாடு கிளம்புகிறவர்களும் இரண்டு, மூன்று வயது ஷிட்சுவையோ ஸ்பிட்ஸையோ நல்ல வீட்டில் விட ஆள் தேடுவார்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். பழகிய நாய் ஒரு வாரத்தில் உங்கள் வீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இல்லை, குட்டிதான் என்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்தச் சின்ன இனக் குட்டிகள் ஒருவேளை பட்டினி கிடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், துவண்டு விழும். விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். மயங்கிக் கிடக்கும்போது வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். தடுப்பூசி எட்டு வாரத்துக்குள் தொடங்கி 16 வாரம் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாகத் தொடரும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் எலி மூத்திரத்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும், மனிதர்களையும் தாக்கும். அதனால் அந்த ஊசியும் உண்டா என்று கேட்டுப் போடுங்கள்.

வீட்டுக்குள் நீங்கள் செய்ய வேண்டியது, கழுத்தில் அல்லாமல் மார்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்கி அதில் ஒரு சலங்கை கோப்பது. சின்ன நாயின் மூச்சுக்குழாய் மெலிந்தது. கழுத்துப் பட்டையில் இழுத்து இழுத்து, வாத்து கத்துவது போல இருமும் நாய்களை நிறையப் பார்க்கிறேன். சலங்கை மாமியாருக்காக. சத்தம் கேட்டால்தான் காலடியில் இருப்பது தெரியும், இரண்டு பேருமே தப்பிப்பார்கள். வழுக்கும் டைல்ஸில் ஓடினாலும் கட்டிலிலிருந்து குதித்தாலும் பின்னங்கால் முட்டிச்சில்லு நழுவும். நடமாடும் இடத்தில் கோணியோ ரப்பர் பாயோ விரியுங்கள். மகள் தரையில் உட்கார்ந்துதான் நாயை மடியில் எடுக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம்.

வெயில் காலத்தில் காலை ஆறரைக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் மட்டும் நடக்கவிடுங்கள். சில்வர் பீச் போனால் கடல் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள், வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி விரலிடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள், அப்போதே காதுக்குள் உண்ணி இருக்கிறதா பாருங்கள். ஷிட்சுவின் முடியைக் கோடையில் குட்டையாக வெட்டலாம். ஸ்பிட்ஸுக்கு ஒட்ட வெட்டினால் மறுபடி சரியாக வளராமல் போகலாம். விடாமல் மூச்சிரைத்து, ஈறு சிவந்து எச்சில் கொட்டினால், ஐஸ் தண்ணீரில் அமுக்காமல் குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு வண்டியை எடுங்கள். அறுவைச் சிகிச்சை அளவுக்குப் போனால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கடைசியாக, உங்கள் மாமியாருக்கு. அம்மா, தயிர்சாதம் போடலாம், ஆனால் அது மட்டும் போதாது. வேகவைத்த முட்டையோ எலும்பில்லாத கோழியோ சேர வேண்டும். வெள்ளி, சனியில் வீட்டில் கவிச்சி ஆகாதென்றால் அந்த இரண்டு நாளும் கடையில் விற்கும் நாய்த் தீனியைப் போடுங்கள். சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசக் கிண்ணத்தை நக்கவிடாதீர்கள், திராட்சை அதன் கிட்னியைச் சாய்த்துவிடும். டீயில் நனைத்த பிஸ்கட்டும் கூடாது. ஐந்து கிலோ நாய்க்கு அரைக் கிலோ ஏறினால், 60 கிலோ ஆளுக்கு ஆறு கிலோ ஏறிய மாதிரி.