ஏழு கிளப், ஒரு செயலாளர்: உள்ளூர் ஃபுட்டி லீக்கை நடத்துவது எப்படி?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வடமேற்கே ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் மதுரை. இங்கே வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. மகன் ஆஸ்திரேலிய ஃபுட்பால், இங்கே சொல்வதுபோல் ‘ஃபுட்டி’, ஆடுகிறான். அவனுக்காக வாரந்தோறும் மைதானத்தில் போய் நின்றதன் பலன், போன வாரப் பொதுக்குழுவில் ஏழு கிளப்கள் கொண்ட லீக்குக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். வேறு யாரும் கை தூக்கவில்லை. உண்மையில் நானும் தூக்கவில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது, நிர்வாகம் முழுக்கத் தன்னார்வலர்கள். 22 ஆண்டுகள் இந்தப் பொறுப்பைப் பார்த்தவர் ஓர் அட்டைப்பெட்டியையும் சாவிக்கொத்தையும் கொடுத்துவிட்டு விடைபெற்றார். நடுவர்கள் போதவில்லை. ஒரு கிளப்புக்கு ஆளே சேரவில்லை. ஏப்ரலில் சீசன். எங்கே தொடங்குவது?

பதில்: கை தூக்காதவரைத்தான் பெரும்பாலும் செயலாளராக்குவார்கள். மெல்போர்ன் புறநகர் லீக் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் ஆட்ட அட்டவணை போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஏப்ரலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இந்த மாதங்களில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சீசன் தொடங்கிய பிறகு எந்தச் சனிக்கிழமை மாலையிலும் நீங்கள் எதையும் புதிதாக முடிவு செய்யத் தேவையில்லாதபடி ஏற்பாடு செய்துகொள்வது. தோற்ற கிளப்பின் தலைவர் சேற்றுக் காலோடு எதிரே நிற்கும்போது எடுக்கும் முடிவு, சரியாகவே இருந்தாலும், ஒருதலைப்பட்சம் என்றுதான் பேசப்படும்.

முதலில் காகித வேலை. விக்டோரியாவில் உங்கள் லீக் பெரும்பாலும் 2012ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கமாக இருக்கும். புதிய செயலாளர் பொறுப்பேற்ற 14 நாட்களுக்குள், சங்கங்களைப் பதிவு செய்யும் மாநில அலுவலகமான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவுக்குத் தகவல் தர வேண்டும். கெடு நெருங்கியதால் இதை மட்டும் உங்களுக்கு முன்பே தனியாக எழுதிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். அடுத்தது வங்கி: பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், அந்த இரண்டும் ஒரே குடும்பத்தில் இருக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களோடு பழகும் பயிற்சியாளர், அணி மேலாளர், முதலுதவியாளர் எல்லோரிடமும் ‘வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்’, அதாவது பிள்ளைகளோடு பழகத் தகுதியானவர் என்று பின்னணியைச் சரிபார்த்து அரசு தரும் அனுமதி அட்டை, இருக்கிறதா என்று பாருங்கள். தன்னார்வலர்களுக்கு அது இலவசம், ஐந்து ஆண்டுகள் செல்லும். அட்டையைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, எண்ணையும் காலாவதி நாளையும் பட்டியலில் எழுதி வையுங்கள்.

காப்பீடு பற்றி ஒரே ஒரு வார்த்தை. விளையாட்டுக் காயக் காப்பீடு, அரசின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, அதில் மெடிகேர் தந்தது போக மிச்சமாகும் தொகைக்கும்கூட, பணம் தராது, சட்டம் அப்படி. பிசியோதெரபி போன்ற மெடிகேருக்கு வெளியே உள்ள செலவுகளுக்குத்தான் அது. மருந்துக்கடைக்காரரான உங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் முழங்கால் பெயர்ந்த இருபது வயதுப் பையனின் தாய்க்கு இது தெரியாது, ஆகஸ்டில் உங்களைத்தான் தேடி வருவார். பதிவுப் படிவத்திலேயே எளிய மொழியில் போட்டுவிடுங்கள்.

இனி நான் முக்கியமென்று நினைப்பதற்கு வருகிறேன். ஒரு தாளை எடுத்து, ஒரே ஒரு சீனியர் ஆட்டம் நடக்க எத்தனை பேர் தேவை என்று எண்ணுங்கள். ஆட்டக்காரர்களைச் சேர்க்காதீர்கள். ஓர் அணிக்குப் பயிற்சியாளர் ஒருவர், அணி மேலாளர் ஒருவர், பயிற்சியாளர் சொல்வதை உள்ளே ஓடிப்போய்ச் சொல்லும் ரன்னர் ஒருவர், காயத்தைக் கவனிக்கும் ட்ரெய்னர் இருவர், தண்ணீர் கொடுப்பவர்கள் நால்வர்: ஒன்பது. இரண்டு அணிக்குப் பதினெட்டு. கள நடுவர், எல்லைக்கோட்டு நடுவர், கோல் நடுவர் தலா இருவர். நேரம் பார்க்க இருவர். நடுவர்களை உடை மாற்றும் அறை வரை பத்திரமாக அழைத்துப் போக ஒருவர். கேட்டில் இருவர், கேன்டீனில் நால்வர், ஸ்கோர் பலகையில் ஒருவர். கூட்டினால் 34. உங்கள் லீக்கில் வாரத்துக்கு மூன்று ஆட்டம், ஆக 102 பேர். அதே நாளில் காலையிலிருந்து நடக்கும் சிறுவர் ஆட்டங்களும், பக்கத்துத் தளத்தில் நடக்கும் நெட்பாலும் இந்தக் கணக்கில் இல்லை.

இந்தத் தாளை ஏழு கிளப்புக்கும் அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பெயர் எழுதி வாங்குங்கள். எந்தக் கிளப்பில் ஒரே பெயர் நான்கு வரிகளில் வருகிறதோ, அந்தக் கிளப்தான் அடுத்த ஆண்டு தள்ளாடும். பணமில்லாத கிளப் பல ஆண்டுகள் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஒரே பெண்மணி பதிவாளராகவும் கேன்டீன் பொறுப்பாளராகவும் அணி மேலாளராகவும் இருந்த கிளப், அவர் மகளோடு இருக்கப் போய்விட்ட ஆண்டே படுத்துவிட்டது.

ஆள் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. ‘தன்னார்வலர்கள் தேவை, அன்போடு அழைக்கிறோம்’ என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். “வரும் சனிக்கிழமை பன்னிரண்டு முதல் இரண்டு வரை கேட்டில் நிற்க முடியுமா?” என்று ஒருவரிடம் நேரில் கேட்டால் பத்துக்கு ஏழு பேர் சரி என்பார்கள். எப்போது முடியும் என்று தெரிந்த வேலைக்குத்தான் மனிதர்கள் ஒப்புக்கொள்வார்கள். உங்கள் வேலையையும் இப்படியே உடைத்துவிடுங்கள்: பதிவு ஒருவர், அட்டவணை ஒருவர், நடுவர் தொடர்பு ஒருவர், ஒழுங்கு விசாரணை ஏற்பாடு ஒருவர். அந்த 22 ஆண்டுக்காரரை முழுதாக விட்டுவிடாதீர்கள். பதவி வேண்டாம், ஒரு சீசனுக்குத் தொலைபேசியில் கிடைத்தால் போதும் என்று கேளுங்கள். சாவிக்கொத்தில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது அவருக்குத்தான் தெரியும்.

அட்டவணை. ஏழு அணி என்பது ஒற்றைப்படை, அதனால் வாரம் ஓர் அணிக்கு ஓய்வு. எட்டாவதாக ‘ஓய்வு’ என்று ஒரு பொய்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டு, பந்தியில் எதிரெதிரே இலை போட்டதுபோல் நான்கு நான்காக இரு வரிசை எழுதுங்கள். எதிரெதிர் இருப்பவர்கள் அந்த வாரம் மோதுகிறார்கள். ‘ஓய்வு’க்கு எதிரே அமர்ந்தவருக்கு ஆட்டம் இல்லை. அடுத்த வாரம், ஒரு மூலையில் இருக்கும் அணியை மட்டும் அசைக்காமல், மற்ற ஏழு பெயரையும் ஓரிடம் வலஞ்சுழியாக நகர்த்துங்கள். ஏழு வாரத்தில் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆடியிருப்பார்கள். மறுபாதியில் அதையே சொந்த மைதானம், எதிரி மைதானம் மாற்றி ஓட்டினால் 14 வாரம், ஆளுக்கு 12 ஆட்டம், ஆறு உள்ளூரில், ஆறு வெளியூரில். ஒரு கிளப்புக்கும் குறை சொல்ல இடமில்லை.

பதினாறு வாரம் வேண்டும் என்று கேட்பார்கள். கேட் வசூலும் கேன்டீன் வசூலும் அவர்கள் கண்ணில் தெரியும். கொடுக்காதீர்கள். கூடுதலாகும் ஒவ்வொரு வாரமும் அந்த 102 பேரிடமிருந்து பிடுங்கும் ஒரு சனிக்கிழமை. தவிர, யாரோடு யார் மூன்றாம் முறை ஆடுவது என்ற சண்டையும் இலவசமாக வரும். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இருபதுக்கும் மேற்பட்ட சனிக்கிழமைகள் இருக்கின்றன. ஈஸ்டரை விடுங்கள், ஜூனில் மன்னர் பிறந்தநாள் வார இறுதியை விடுங்கள், ஜூலைப் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் விடுங்கள். அப்படியும் மழையில் தள்ளிப்போன ஆட்டத்துக்கு இடம் இருக்கும். செப்டம்பரில் முதல் நான்கு அணிகளுக்கு மூன்று வார இறுதிச் சுற்று.

அட்டவணையை அச்சிடுமுன் நகராட்சியோடும் கிரிக்கெட் கிளப்போடும் பேசிவிடுங்கள். கோடையில் அதே மைதானம் அவர்களுடையது. என் முதல் ஆண்டில் மார்ச் கடைசிச் சனிக்கிழமை பயிற்சி ஆட்டம் ஒன்றைப் போட்டுவைத்தேன். நாற்பது பையன்கள் பூட்ஸ் கட்டிக்கொண்டு இறங்கப் போனால், நடுவில் வெள்ளை உடையில் கிரிக்கெட் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. இரண்டு கிளப்பின் தலைவர்களுக்கும் பத்து நிமிடம் பதில் சொன்னேன். அதன் பிறகு கிரிக்கெட் அட்டவணை கைக்கு வராமல் பேனாவைத் தொட்டதில்லை.

ஆள் சேராத கிளப் பற்றி. களத்தில் 18 பேர் என்றாலும், 14 பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்க விதி இடம் தருகிறது. எதிரணியும் எண்ணிக்கையைக் குறைத்துச் சமமாக ஆட வேண்டுமா, வர முடியாத அணி எத்தனை மணிக்குள் தகவல் சொல்ல வேண்டும், ஆடாமல் வென்ற அணிக்கு எத்தனை புள்ளி, சதவீதத்தில் என்ன சேர்ப்பது என்பதையெல்லாம் பிப்ரவரிக் கூட்டத்திலேயே எழுதி நிறைவேற்றுங்கள். நம் ஊர் லீக் போட்டிகளில் கோல் வித்தியாசம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சதவீதம் புதிது: போட்ட புள்ளியை வாங்கிய புள்ளியால் வகுத்து நூறால் பெருக்குவது. 900 போட்டு 750 வாங்கிய அணிக்கு 120. வெற்றிகள் சமமானால் நான்காம் இடம் இதில்தான் தீரும். அதனால் ஆடாத ஓர் ஆட்டத்தின் கற்பனை ஸ்கோருக்காகப் பெரிய மனிதர்கள் குரல் உயர்த்துவார்கள். எந்த முறையை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், சீசனுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அணிகளுக்கு 16 பேர் ஆட்டமாக மாற்றலாம் என்பது என் கட்சி. அது தரம் குறைந்தது என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், விக்டோரியன் ஃபுட்பால் அசோசியேஷன் 1959 முதல் முப்பது ஆண்டுக்கும் மேலாக 16 பேரோடுதான் ஆடியது என்று நினைவூட்டுங்கள். ஏழு ஆறாகிவிடுமோ என்றும் கலங்காதீர்கள். பாஸ் நீரிணையிலுள்ள கிங் தீவின் லீக்கில் மூன்றே கிளப். வாரம் ஓர் ஆட்டம், மூன்றாவது கிளப் வேடிக்கை பார்க்கும். பணம் கொடுத்து ஆள் இழுக்கலாம் என்று யாராவது முணுமுணுத்தால் மட்டும் கறாராக இருங்கள். மெல்போர்னில் 1892இல் தொடங்கிய அமெச்சூர் சங்கம் ஆட்டக்காரருக்குச் சம்பளமில்லை என்பதை இன்றுவரை விடவில்லை, அதன் கிளப்கள் காலியாகிவிடவில்லை.

நடுவர் பற்றாக்குறைக்கு வருவோம். நடுவர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் உண்டு, அமெச்சூர் லீக்கிலும்கூட. ஆனாலும் அவர்கள் விட்டுப் போவதற்குப் பணம் காரணமல்ல, வேலிக்கு வெளியிலிருந்து வரும் வாய். பதினைந்து வயதுப் பெண் எல்லைக்கோட்டில் ஓடுகிறாள். அவளைவிட மூன்று மடங்கு வயதுள்ள ஒருவர் கார் பானெட்டில் சாய்ந்துகொண்டு ஏசுகிறார். அடுத்த வாரம் அவள் வரமாட்டாள். உங்கள் பக்கத்து மைதானங்களில் காரிலேயே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள், கோல் விழுந்தால் ஹார்ன் அடிப்பார்கள்; அது அழகு. வசவு வந்தால் அந்தக் கிளப்புக்கு உடனடி அபராதம், இரண்டாம் முறை சொந்த மைதான ஆட்டம் பறிப்பு. இதையும் முன்கூட்டியே எழுதி, ஏழு தலைவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். முதல் ஆண்டு நடுவர் என்று தெரியும்படி வேறு நிறச் சட்டை கொடுங்கள், கூட்டம் கொஞ்சம் நாக்கை அடக்கும். ஆட்ட நேரங்களைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தால் ஒரே நடுவர் காலையில் பதினேழு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தையும் பிறகு சீனியர் ஆட்டத்தையும் பார்க்க முடியும். ஊதியத்தை அதே வாரம் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி களத்தில் இல்லை. மைதான ஓரத்துச் சிறு குடிலில் இரு கிளப்பின் நேரக் காப்பாளர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு தெர்மாஸ். ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், இன்னொருவர் சைரன் பொத்தானில் விரல் வைத்திருப்பார். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் தொங்கும்போதும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் ஆக வேண்டும். கோல் நடுவர்களும் அப்படியே: கால்பகுதி முடிந்ததும் ஸ்கோர் குறித்த தம் அட்டைகளை ஒத்துப் பார்ப்பார்கள். பலகையில் என்ன தொங்கினாலும் அந்த அட்டையே கணக்கு. சர்ச்சை வந்தால் உங்களுக்குச் சாட்சியும் அதுதான். ஆகவே சனிக்கிழமை இரவே அட்டைகளையும் அணிப் பட்டியல்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளே ஹெச்.க்யூ. செயலியில் ஸ்கோர் ஏறிவிட்டது என்று தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒழுங்கு விசாரணையில் நீங்கள் உட்காரவே கூடாது. எந்தக் கிளப்போடும் தொடர்பில்லாத மூவர் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர், முன்னாள் நடுவர், பக்கத்து ஊர் வழக்கறிஞர் என்று தேடினால் கிடைப்பார்கள். உங்கள் மகன் ஆடும் கிளப் சம்பந்தப்பட்ட எதிலும் பேனாவைத் துணைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

தலை அதிர்ச்சி விஷயத்தில் மட்டும் யாருக்கும் எந்தச் சலுகையும் வேண்டாம். அடிபட்டவர் அன்றைக்கு மீண்டும் இறங்கக் கூடாது. உள்ளூர் ஆட்டங்களுக்கான இப்போதைய வழிகாட்டுதல்படி குறைந்தது 21 நாள் கழித்தே, மருத்துவர் அனுமதியோடு, ஆட்டத்துக்குத் திரும்பலாம். பெயரும் நாளும் எழுதிய பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும். இறுதிச் சுற்று நெருங்கும்போது “அது வெறும் தலைவலிதான்” என்று ஒரு பயிற்சியாளர் உங்கள் கடைக்கே வந்து சொல்வார். பாராசிட்டமாலை விற்றுவிட்டு, பட்டியலைக் காட்டுங்கள்.

கடைசியாக, அந்த அட்டைப்பெட்டியைத் திறந்து, சாம்பியன் கோப்பையில் போன ஆண்டு வென்ற அணியின் பெயர் பொறித்தாயிற்றா என்று பாருங்கள். பெரும்பாலும் பொறித்திருக்காது. உங்கள் வட்டாரத்தில் பெயர் பொறிப்பவர் ஒருவர்தான் இருப்பார், செப்டம்பரில் அவரைப் பிடிக்க முடியாது.