கணையநீர் குறைந்தால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கணையம் என்றாலே சர்க்கரை நோய்தான் நினைவுக்கு வருகிறது. செரிமானத்தில் அதற்கு என்ன வேலை?

இன்சுலின் சுரக்கும் திட்டுகள் கணையத்தில் மிகச் சிறிய பகுதிதான். எஞ்சிய பெரும்பகுதி செரிமானத்திற்காகவே இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கணையநீர் முன்சிறுகுடலில் வந்து சேர்கிறது. இரைப்பையிலிருந்து புளிப்பேறி வரும் உணவுக்கூழின் அமிலத்தை அதிலுள்ள பைகார்பனேட் தணிக்க, செரிமான நொதிகளான அமைலேஸ் மாவுச்சத்தையும், டிரிப்சின் புரதத்தையும், லைப்பேஸ் கொழுப்பையும் குடல் உறிஞ்சக்கூடிய அளவுக்கு உடைக்கின்றன. அமிலம் குடலைத் தொட்டதும் கணையத்தைத் தூண்டும் செக்ரிட்டின் என்ற ஹார்மோனை 1902இல் லண்டனில் உடலியல் அறிஞர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லே அதற்குப் பிறகுதான் வழக்குக்கு வந்தது.

கேள்வி: புரதத்தைக் கரைக்கும் நொதி கணையத்தையே கரைத்துவிடாதா?

அது டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில்தான் சுரக்கிறது. குடல் சுவரிலுள்ள என்டரோகைனேஸ் என்ற நொதி பட்ட பிறகே விழித்துக்கொள்கிறது. கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால், அதுவே கடும் கணைய அழற்சியாகிறது.

கேள்வி: என் கணவருக்கு நாள்பட்ட கணைய அழற்சி. நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறார். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறது. எண்ணெயை அடியோடு நிறுத்திவிடலாமா?

வேண்டாம். மாவுச்சத்துக்கு உமிழ்நீரும் புரதத்துக்கு இரைப்பை நீரும் ஓரளவு கைகொடுக்கும். கொழுப்புக்கு அப்படிப்பட்ட மாற்று மிகக் குறைவு என்பதால், கணையம் நலியும்போது முதலில் தவறுவது கொழுப்புச் செரிமானமே. லைப்பேஸ் சுரப்பு இயல்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகுதான் பொதுவாக இப்படி எண்ணெய் மலம் தெரியவரும். ஆகவே இதைத் தள்ளிப்போடக் கூடாது. கொழுப்போடு சேர்ந்து உடலில் ஏற வேண்டிய ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வீணாகின்றன. இந்த நிலையில் எண்ணெயையும் நிறுத்தினால் மெலிவு கூடும். மலத்தில் கணைய நொதியின் அளவைப் பார்க்கும் மல எலாஸ்டேஸ் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் கணையநீர்க் குறைபாடு இருக்கக்கூடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கேரளத்திலும் தமிழகத்திலும் மதுவைத் தொட்டேயிராத இளவயதினருக்கும் நாள்பட்ட கணைய அழற்சியும் கணையத்தில் கற்களும் உண்டாகின்றன. நோயாளியை உறவினர்கள் குடிகாரர் என்று சந்தேகிப்பது, நோயைவிடப் பெரிய வேதனையாகிவிடுகிறது.

கேள்வி: கணையநீர்க் குறைபாட்டுக்குத் தந்த நொதி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்கிறேன். பலன் தெரியவில்லையே?

காரணம் அந்த அரை மணி நேரமாகவே இருக்கலாம். இது உணவோடு கலந்தாக வேண்டிய நொதி. முதல் கவளத்தோடு தொடங்குங்கள், ஒன்றுக்கு மேல் என்றால் மீதியை நடுவில் விழுங்குங்கள். மென்றாலோ சூடான காப்பியோடு விழுங்கினாலோ நொதி கெட்டுவிடும். பெரியவர்களுக்கு முக்கிய வேளை உணவுக்கு 40,000 முதல் 50,000 அலகு லைப்பேஸில் தொடங்குவது வழக்கம். உங்களுக்குரிய அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வழக்கமாகத் தரப்படும் இந்த மாத்திரைகள் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. உணவு விலக்கு உள்ளவர்களிடம் இதை மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்னர் அறிந்து பாதியில் நிறுத்துபவர் மறுபடியும் மெலியத் தொடங்குவார்.