கண்ணுப்பாப்பா முதல் காதுக்குள் நத்தை வரை: கேள்வி பதில்

கண், காது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். ஆற்காடு, ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடி என்று நம் பழைய வடாற்காடு முழுக்க இருந்து கேள்விகள் வந்துவிட்டன. நான் முப்பத்தொரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள், மருத்துவர் அல்ல. உள்ளே என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன். மருந்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் வேலை இல்லை.

டீச்சர், எனக்கு 43 வயசு. ஆற்காட்டில் மளிகைக் கடை. தூரத்தில் வரும் பஸ் போர்டு நன்றாகத் தெரிகிறது. பற்று நோட்டைப் பார்க்க மட்டும் கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கண் கெட்டுப்போச்சா?

கெடவில்லை தம்பி. லென்ஸ் இறுக ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பள்ளியில் ஒவ்வொரு வருடமும் கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுக் கண் வாங்கி வருவேன். முன்பக்கத்தை பிளேடால் கீறினால் முதலில் தண்ணீர் மாதிரி ஒரு திரவம் சொட்டும். அதற்குப் பின்னால் பளிங்கு மாதிரி ஓர் உருண்டை, மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். அதுதான் லென்ஸ். அதையும் தாண்டினால் நுங்கு போலக் கூழ். லென்ஸை எடுத்துப் பழைய பேப்பர் மேல் வைத்தால் அடியில் இருக்கும் எழுத்து பெரிதாகத் தெரியும். இதைப் பார்த்ததும், கண்ணைத் தொடவே அருவருத்த பிள்ளைகள்கூட "எனக்கு, எனக்கு" என்று தலையை நுழைப்பார்கள்.

நம் கண்ணிலும் இதே அமைப்புதான். ஒளியை வளைக்கிற வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை முன்னால் இருக்கும் கருவிழியே செய்துவிடும். மிச்சம்தான் லென்ஸுக்கு. ஆனால் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வது லென்ஸ் மட்டும்தான். அதைச் சுற்றி இருக்கும் தசை இறுகும்போது, லென்ஸைப் பிடித்து இழுக்கும் மெல்லிய நார்கள் தளரும். உடனே லென்ஸ் புடைத்துக்கொள்ளும், கிட்டத்து எழுத்து தெளியும். வயது ஏற ஏற லென்ஸ் விறைத்துப் போவதால் தசை என்ன செய்தாலும் அது புடைக்காது. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் இறங்கிவிடும் என்று பயப்படாதீர்கள். போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் தன் போக்கில்தான் இறுகும்.

அதே ஆட்டு லென்ஸை வெந்நீரில் போட்டால் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு போல வெளுத்துவிடும். புரதம் நிலைமாறினால் தெளிவு போய்விடும். கண்புரையிலும் நடப்பது புரத மாற்றம்தான், அங்கே அது பல வருடங்களில் மெதுவாக நடக்கிறது.

கண்ணில் கறுப்பாகத் தெரிவதுதானே கருவிழி? தானம் செய்தால் அதைத்தான் எடுப்பார்களா? (காட்பாடி, கல்லூரி மாணவி)

பெயர்தான் கருவிழி. உண்மையில் அது கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி மாதிரி, நிறமே கிடையாது. நடுவில் அரை மில்லிமீட்டர் கனம். நாம் பார்க்கும் நிறம் அதற்குப் பின்னால் இருக்கும் ஐரிஸ் என்ற நிறத் திரையினுடையது. அதன் நடுவே இருக்கும் ஓட்டைதான் கண்மணி. அடுத்தவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவமே சின்ன பொம்மையாகத் தெரிகிறது அல்லவா, அதனால்தான் நம் ஆட்கள் அதற்குப் பாவை, கண்ணுப்பாப்பா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தானத்தில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பொருத்துவது கருவிழியைத்தான். முழுக் கண்ணைப் பொருத்திப் பார்வை வர வைக்க முடியாது. கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பில் பத்து லட்சம் இழைகள், வெட்டியதை மறுபடி இணைக்க வழியில்லை. கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது, ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் மற்ற உறுப்புகளைவிட உடல் அதை எளிதாக ஏற்கும். 1905லேயே எடுவர்ட் சிர்ம் என்ற மருத்துவர் இதை வெற்றிகரமாகச் செய்துவிட்டார்.

இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லோருமே கொடுக்கலாம். எங்கே சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆரணி சாலையில் இருக்கும் ஷெல் கண் மருத்துவமனையை வேலூரில் தெரியாதவர் இல்லை. 1902இல் ஐடா ஸ்கடர் அம்மையார் திறந்த மருத்துவமனை அது. அங்கே விசாரியுங்கள்.

தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. கண்ணில் தெறித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணுமா? (ராணிப்பேட்டை)

ஓடாதீர்கள். முதலில் தண்ணீர். இதை மட்டும் எல்லோரும் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆசிட் பட்டால் மேல் திசு உறைந்து ஒரு தடுப்பு மாதிரி ஆகிவிடும், பெரும்பாலும் அங்கேயே நிற்கும். சுண்ணாம்பு அப்படி இல்லை. அது ஆசிட்டுக்கு எதிர்வகையான காரம், திசுக்களின் கொழுப்பைச் சோப்பாகக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் இருபது நிமிடமும் அது வேலை செய்யும். குழாயடியிலேயே இமையை விரலால் விரித்துப் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றுங்கள். இமை மடிப்பில் சுண்ணாம்புக் கட்டி ஒட்டியிருந்தால் ஈரத் துணி முனையால் எடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். பிறகு ஆஸ்பத்திரி.

வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டும் இதே சுண்ணாம்புதான். குழந்தைகள் அதை விளையாட்டாகப் பிதுக்கும், நேராக முகத்தில் பீச்சும். பாட்டி, தாத்தா இருக்கும் வீட்டில் அதை உயரத்தில் வையுங்கள்.

அழும்போது மூக்கும் ஏன் ஒழுகுகிறது?

இமையின் உள்மூலையில் ஊசிமுனை அளவு துளை இருக்கும், கண்ணாடியில் பாருங்கள். கண்ணீர் அதன் வழியாக மூக்குக்குள்தான் இறங்குகிறது. சொட்டு மருந்து விட்டால் தொண்டை கசப்பதும் அதனால்தான்.

காது குடையும்போது இருமல் வருகிறதே?

மூளையிலிருந்து தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துளைக்கும் வருகிறது. அதைத் தொட்டால் தொண்டையில் ஏதோ பட்டதாக மூளை நினைத்துக்கொள்ளும். அப்புறம் ஒன்று, குடையாதீர்கள். காதுத் துளையின் தோல் உள்ளிருந்து வெளியே தானாக நகர்ந்து வருகிறது, அழுக்கையும் அதுவே தள்ளிக்கொண்டு வரும். ஹேர்பின்னும் தீக்குச்சியும் அதைத் திரும்ப உள்ளே இடித்துவிடும். துளையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான், முடிவில் செவிப்பறை. பறை என்று பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்தார், அது இழுத்துக் கட்டிய தோல்தான்.

ஏலகிரி ஏறும்போது காது அடைக்கிறது, எச்சில் விழுங்கினால் விடுகிறது. இன்னொன்றும் கேட்கிறேன்: ஒலி நேராக நரம்புக்குப் போகாமல் நடுவில் ஏன் மூன்று எலும்பு? (திருப்பத்தூர்)

பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடும். செவிப்பறைக்கு உள்பக்கக் காற்று கீழே இருந்த அழுத்தத்திலேயே இருக்கும், பறை வெளியே புடைக்கும். நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு குழல் போகிறது, யூஸ்டேஷியன் குழல். விழுங்கும்போது அது திறக்கும், இரண்டு பக்கமும் சமமாகும். கைக்குழந்தைக்கு இந்தக் குழல் குட்டையாகவும் படுக்கைவாட்டத்திலும் இருக்கும். மட்டமாகப் படுக்க வைத்துப் பால் கொடுத்தால் காதுப்பக்கம் ஏறச் சாத்தியம் உண்டு. தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள்.

இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கிணற்றில் முங்கி நீந்தியிருக்கிறீர்களா? மேட்டில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் உள்ளே கேட்காது. காற்றில் வரும் ஒலி தண்ணீரில் பட்டதும் ஏறக்குறைய முழுவதும் திரும்பிப் போய்விடும், ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். நம் உள்காது முழுக்க திரவம். அப்படியானால் நாம் எல்லோரும் முங்கியவர்கள் போல இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சிக்கலைத்தான் எலும்புகள் தீர்க்கின்றன. சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று. அங்கவடி மூன்று மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சின்ன எலும்பு. செவிப்பறையின் பரப்பு அங்கவடியின் பாதத்தைப் போல 17 மடங்கு. அகலமான இடத்தில் வாங்கிய தள்ளலைச் சின்ன இடத்தில் குவித்தால் அழுத்தம் ஏறும், ஆணியின் தலையில் அடித்தால் முனை மரத்தில் இறங்குவது போல. எலும்புகளின் நெம்புகோல் வேலையும் சேர்ந்து மொத்தம் 22 மடங்கு.

குடியாத்தத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன், 19 வருஷம். பேசுவது கேட்கிறது, புரியவில்லை. மருந்தில் சரியாகுமா?

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தேன். எங்கள் அப்பாவும் தறிக்காரர். "காது கேக்குதும்மா, பேச்சுதான் புரியல" என்று இதே வார்த்தையைத்தான் சொல்வார். 'பசி' என்றாலும் 'படி' என்றாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் கவனித்துக் கேட்பதில்லை என்று நாங்கள் அவரைக் கோபித்துக்கொண்டோம்.

உள்காதில் நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுச் சுருள் ஒன்று உண்டு, காக்ளியா. பிரித்து நீட்டினால் 35 மில்லிமீட்டர். அதன் வாசல் பக்கம் கீச்சென்ற ஒலிகளுக்கு, உள்கோடி கனத்த ஒலிகளுக்கு. ஒலி அலை அதில் எப்படி ஓடுகிறது என்று கண்டதற்காக பெகேசி என்ற விஞ்ஞானிக்கு 1961இல் நோபல் கிடைத்தது. சுருள் நெடுக ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள், ஒலி அதிர்வை நரம்புக்குச் சைகையாக மாற்றித் தருபவை. தறி இரைச்சலில் முதலில் சாவது வாசல் பக்கத்துச் செல்கள். உயிரெழுத்துகளின் ஒலி கனத்தது, அது கேட்கும். ச, த, ப போன்ற மெய்களின் கூர்மை மேல் ஒலியில் இருக்கிறது, அது போய்விடும். அதனால்தான் சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை.

கோழிக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது. மருந்தில் திரும்பாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம். நம் தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் எல்லை, 95 ஆனால் நான்கு மணி நேரம். பஞ்சு வைப்பது போதாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை விரலில் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்து நுழைத்து, அது விரியும் வரை பிடித்திருங்கள். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் ஒன்று எடுத்துப் பாருங்கள், காதுக் கருவி உங்களுக்கு உதவக்கூடும். வீட்டில் உள்ளவர்களிடம், கத்த வேண்டாம், முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசச் சொல்லுங்கள்.

புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறது. பித்தம் என்கிறார்கள். (ஆம்பூர்)

உள்காதில் சமநிலைக்கென்று மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. பக்கத்துப் பையில் இருக்கும் சுண்ணச்சத்துத் துகள்கள் சில சமயம் அந்தக் குழலுக்குள் உதிர்ந்துவிடும். தலையைத் திருப்பினால் துகள் உருண்டு, நீங்கள் சுழல்வதாக மூளைக்குப் பொய் சொல்லும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். காது மருத்துவர் தலையை நாலைந்து நிலையில் திருப்பி, துகளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடுவார். அதற்கு எப்ளி முறை என்று பெயர். பேச்சுக் குழறலோ கை கால் மரத்துப்போவதோ சேர்ந்து வந்தால் அது வேறு, அன்றே போக வேண்டும்.

குழந்தைக்கு ஒரு வயது ஆகப்போகிறது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்கிறார் அத்தை. அவர் எனக்குச் சொந்த அத்தை, மாமியாரும்கூட. பொறுத்துப் பார்க்கலாமா டீச்சர்? (வாணியம்பாடி)

பொறுக்க வேண்டாம் தங்கச்சி. அத்தை ஆறுதலுக்குத்தான் சொல்கிறார், ஆனால் காது விஷயத்தில் மாதங்கள் முக்கியம். மூளை மொழியைப் பிடித்துக்கொள்வது முதல் சில வருடங்களில்தான். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் பிறவிச் செவித்திறன் குறை கொஞ்சம் கூடுதலாக வருவதும் உண்மை. இதில் உங்கள் தப்போ உங்கள் வீட்டுக்காரர் தப்போ எதுவும் இல்லை.

சோதனைக்குக் குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை. நல்ல காது, ஒலியை வாங்கும்போது தானும் ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். டேவிட் கெம்ப் என்பவர் 1978இல் கண்டுபிடித்தது. காதில் சின்ன மைக் வைத்து அதைப் பிடித்துவிடுவார்கள், வலி இருக்காது. குறை தெரிந்தால் காதுக் கருவி, தேவைப்பட்டால் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது உள்காதில் அறுவை செய்து பொருத்தி, நரம்புக்கு நேராகச் சைகை அனுப்பும் கருவி. ஆறு வயதுக்குள் என்றால் அது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது, குடும்ப அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.

குழந்தை தூங்கும்போதுதான் சோதனை சரியாக அமையும். அன்று காலையில் தூங்க விடாமல் விளையாட்டுக் காட்டுங்கள். அங்கே போய்ப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டுங்கள்.